கட்டற்ற மென்பொருளுக்கு நன்கொடை: நம் சொந்தப் பணத்தை யாருக்கு, எவ்வளவு, எந்த வழியில் கொடுப்பது?

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்ததும் வங்கித் தளங்கள், மின்னஞ்சல் சேவைகள், அரசுத் தளங்கள் எல்லாம் ஒரே நாளில் பதறிப்போயின. ஓட்டை இருந்த இடம் ஓபன்எஸ்எஸ்எல். நம் கடவுச்சொல்லும் கார்டு எண்ணும் வழியில் யார் கண்ணிலும் படாமல் போய்ச் சேர உதவும் கட்டற்ற மென்பொருள் அது, அதாவது யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், நிரலைப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். அப்படிப்பட்ட திட்டத்துக்கு அதுவரை வருடத்துக்கு நன்கொடையாக வந்துகொண்டிருந்தது சுமார் 2,000 டாலர். செய்தி வெடித்த பிறகு ஒரு வாரத்தில் ஏறத்தாழ 9,000 டாலர் சேர்ந்தது. அதில் பெரும்பகுதி சாதாரண மனிதர்கள் ஐந்தும் பத்துமாகப் போட்டது.

அடுத்த ஆண்டும் இதே கதைதான். மின்னஞ்சலையும் கோப்புகளையும் பூட்டிவைக்கப் பயன்படும் ஜிஎன்யூபிஜியை ஜெர்மனியில் வெர்னர் கோக் என்பவர் 1997 முதல் எழுதிவந்தார். பணம் வற்றி, அவர் அதை விட்டுவிடும் நிலைக்கு வந்திருந்தார். 2015 பிப்ரவரியில் அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்ததும் நன்கொடை கொட்டியது. ஃபேஸ்புக்கும், இணையத்தில் பணம் வாங்க உதவும் நிறுவனமான ஸ்ட்ரைப்பும் ஆண்டுக்குத் தலா 50,000 டாலர் தருவதாக அறிவித்தன.

இரண்டு இடத்திலும் பணம் வந்தது செய்தி வந்த பிறகுதான். செய்தியில் வராத திட்டங்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அதனால், மனசு இளகும்போது மட்டும் கொடுப்பதை விட்டுவிட்டு, வருடத்துக்கு இவ்வளவு, இந்த மாதத்தில், இந்த நாலைந்து பேருக்கு என்று முன்கூட்டியே தீர்மானித்துக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. அதைச் செய்யும் முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். இந்தியாவில் இருந்து கார்டில் பணம் கட்டுகிறவர்களை மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். வெளிநாட்டுத் தமிழர்களுக்கான விஷயங்களையும் அங்கங்கே சேர்த்திருக்கிறேன்.

படி 1: தொகையை முதலில் ஒதுக்குங்கள்

யாருக்குக் கொடுப்பது என்று தேட ஆரம்பித்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும், கடைசியில் யாருக்கும் கொடுக்க மாட்டோம். ஆகவே தொகையை முதலில் முடிவு செய்யுங்கள்.

கணினியை வைத்துச் சம்பாதிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் அளவு, வருடத்துக்கு ஒரு நாள் சம்பளம். மாதம் 60,000 ரூபாய் வாங்குகிறவருக்கு 2,000 ரூபாய். சம்பளம் கூடினால் இதுவும் தானாகக் கூடும், தனியாகக் கணக்குப் போட வேண்டாம். மென்பொருள் துறையில் இல்லாதவர்கள், வீட்டில் படம் பார்க்க விஎல்சியும் ஆவணம் எழுத லிப்ரேஆபீஸும் மட்டும் பயன்படுத்துகிறவர்கள், 500 ரூபாய் கொடுத்தாலும் போதும். மாணவர்களும் வேலை தேடிக்கொண்டிருப்பவர்களும் பணம் கொடுக்கவே வேண்டாம். வழு (மென்பொருளில் உள்ள பிழை) கண்டால் ஒழுங்காக எழுதி அறிவிப்பதும் மொழிபெயர்ப்பில் கைகொடுப்பதும் அவர்களுக்கு ஏற்ற வேலை.

மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தீபாவளி போனஸ் வரும் மாதம் வசதி. டிசம்பரும் நல்ல தேர்வுதான், பல திட்டங்கள் ஆண்டிறுதியில்தான் நன்கொடை கேட்கும். லினக்ஸ் கணினிகளில் திரைச் சூழலாக இருக்கும் கேடிஇ-யின் பிளாஸ்மா டெஸ்க்டாப் 6.2 பதிப்பிலிருந்து, வருடத்துக்கு ஒரே ஒரு முறை, டிசம்பரில், திரையின் ஓரத்தில் ஒரு சின்ன அறிவிப்பைக் காட்டி நன்கொடை கேட்கிறது. அதைத் தொந்தரவு என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருடம் முழுக்க விளம்பரம் காட்டாத ஒரு மென்பொருள் வருடத்துக்கு ஒரு தடவை வாய் திறந்து கேட்பது நியாயம்தான்.

படி 2: எதையெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு மூன்று அடுக்காக எழுதுங்கள்.

முதல் அடுக்கு கண்ணுக்குத் தெரிவது. உலாவி, விஎல்சி, லிப்ரேஆபீஸ், தண்டர்பேர்டு, சிக்னல், கீபாஸ்எக்ஸ்சி, கிம்ப், இங்க்ஸ்கேப், பிளெண்டர், கிரிட்டா. கைபேசியில் எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற செயலிக் கடை மூலம் இறக்கிய செயலிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அங்கே பல செயலிகளின் பக்கத்திலேயே நன்கொடை இணைப்பு இருக்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் வரைபடத்தை நம்பி வழி பார்க்கிற செயலி ஏதாவது வைத்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

இரண்டாவது அடுக்கு, நிரல் எழுதுகிறவர்களுக்கு. உங்கள் வேலை எந்த நூலகங்கள் (மற்றவர்கள் எழுதிவைத்து, நாம் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்) மேல் நிற்கிறது? நோட்.ஜேஎஸ் திட்டமாக இருந்தால், திட்டக் கோப்புறைக்குள் நின்று என்பிஎம் கருவியில் ஃபண்ட் என்ற கட்டளையைக் கொடுங்கள். நீங்கள் நிறுவியிருக்கும் தொகுப்புகளில் யாரெல்லாம் நன்கொடை கேட்கிறார்கள் என்று முகவரியோடு பட்டியல் வரும். பிஎச்பி-யின் கம்போசரிலும் இதே பெயரில் ஒரு கட்டளை உண்டு. முதல் முறை ஓட்டிப் பார்க்கிறவர்கள் பட்டியலின் நீளத்தைப் பார்த்து மலைத்துப்போவார்கள். நாம் நேரடியாகக் கேட்டு நிறுவியது பத்து என்றால், அந்தப் பத்தும் தங்களுக்காக இழுத்துக்கொண்டு வந்தவை நூற்றுக்கணக்கில் இருக்கும்.

மூன்றாவது அடுக்கைத்தான் யாரும் எழுதுவதில்லை. நான் அதிகம் கவலைப்படுவதும் அதைப் பற்றித்தான். ஒரு உதாரணம் காட்டுகிறேன். கணினியில் 'கொ' என்று தட்டும்போது உள்ளே சேமிக்கப்படுவது இரண்டே குறியீடுகள்: ககரத்துக்கு ஒன்று, ஒகரக் குறிக்கு ஒன்று. ஆனால் திரையில் அந்த ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து, ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் போய் நிற்க வேண்டும். அந்தப் பிரிக்கும், இடம் மாற்றும் வேலையை யார் செய்வது? ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபீஸ் எல்லாவற்றிலும் அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நூலகம். அது இல்லாவிட்டால் அவற்றில் தமிழ் சிதறிக் கிடக்கும். தினமும் தமிழ் வாசிக்கிற கோடிக்கணக்கான பேரில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் சொற்பம். தரவை இணையத்தில் கொண்டுபோய்க் கொண்டுவரும் கர்ல், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸெட், நேர மண்டலத் தரவு, எழுத்துருக்கள் எல்லாம் இந்த அடுக்கில்தான் வரும்.

தாளில் இருபது பெயர் சேர்ந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். முழுமையான பட்டியல் யாராலும் போட முடியாது.

படி 3: பணம் உண்மையில் எங்கே போகிறது என்று பாருங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். மென்பொருளின் பெயரும் நன்கொடை வாங்கும் அமைப்பின் பெயரும் ஒன்றுபோல இருந்தாலும் பணம் அந்த மென்பொருளுக்குத்தான் போகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மொசில்லாவைப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்குவது மொசில்லா கார்ப்பரேஷன். அதன் பெரிய வருமானம் தேடுபொறி ஒப்பந்தங்களிலிருந்து வருகிறது. மொசில்லா ஃபவுண்டேஷனுக்கு நாம் கொடுக்கும் நன்கொடை அந்த அமைப்பின் பிரசாரம், ஆய்வு போன்ற பணிகளுக்குப் போகிறது, ஃபயர்ஃபாக்ஸ் நிரல் எழுதுவதற்குப் போவதில்லை. அந்தப் பணிகள் பிடித்திருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். ஃபயர்ஃபாக்ஸுக்குக் கொடுத்ததாக மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டின் கதை வேறு. அதே குடும்பத்தில் எம்இஸட்எல்ஏ என்ற தனி நிறுவனம் அதை நடத்துகிறது, தண்டர்பேர்டுக்கென்று கொடுக்கும் பணம் தண்டர்பேர்டுக்கே போகிறது. 2022-இல் அதற்கு 64 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை வந்தது. கிட்டத்தட்ட முழுக்கப் பயனர்களின் சிறு தொகைகளாலேயே ஒரு குழு சம்பளம் வாங்கி வேலை செய்கிறது.

சில திட்டங்களுக்குச் சொந்தமாக அமைப்பே கிடையாது, வேறொரு குடை அமைப்பு பணத்தை வாங்கி வைத்திருக்கும். நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட், படம் வரையும் இங்க்ஸ்கேப் இரண்டுக்கும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி. லினக்ஸ் இயங்குதளமான டெபியனுக்கு சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரெஸ்ட். கிம்புக்குப் பணம் க்னோம் ஃபவுண்டேஷன் வழியாகப் போகும், அதன் நிரலாளர்களுக்கு நேரடியாகவும் கொடுக்கலாம். எனவே தேடுபொறியில் வரும் முதல் இணைப்பை நம்பாதீர்கள். திட்டத்தின் சொந்தத் தளத்துக்குப் போய், அங்கிருக்கும் நன்கொடைப் பக்கம் எங்கே கூட்டிப்போகிறதோ அங்கேயே கொடுங்கள். புகழ்பெற்ற மென்பொருட்களின் பெயரில் போலித் தளம் வைத்து வசூலிக்கிறவர்களிடமிருந்து தப்பவும் இதுவே வழி.

வேண்டாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஒரிஜினை எழுதும் ரேமண்ட் ஹில் நன்கொடை வாங்குவதில்லை. கொடுக்க நினைத்தால் தடைப் பட்டியல்களைப் பராமரிக்கிறவர்களுக்குக் கொடுங்கள் என்கிறார். நம் எல்லார் கைபேசியிலும் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்குப் பெரிய நிறுவனங்களின் கூட்டமைப்பு பணம் தருகிறது. லினக்ஸ் ஃபவுண்டேஷனும் அடிப்படையில் நிறுவனங்களின் சங்கம்தான், தனிமனிதரின் ஆயிரம் ரூபாய் அங்கே தேவைப்படுவதில்லை. இவற்றையெல்லாம் தாளில் அடித்துவிடலாம்.

மிச்சம் இருப்பவற்றில் யாரைத் தேர்ந்தெடுப்பது? நான் பார்ப்பது மூன்று விஷயம்: எத்தனை பேர் தூக்கிச் சுமக்கிறார்கள், எத்தனை பேர் அதை நம்பி இருக்கிறார்கள், நன்கொடை நின்றால் வேலை நிற்குமா. முதல் கேள்விக்கு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அந்தத் திட்டத்தின் பங்களிப்பாளர் பக்கத்தைப் பார்த்தால் போதும். ஒரே ஒருவருடைய கோடு மட்டும் உயரமாக இருந்து, மற்றவை எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தால், அந்தப் பெயரைச் சுழித்துக்கொள்ளுங்கள்.

2024 மார்ச்சில் நடந்தது இதற்குப் பாடம். எக்ஸ்ஸெட் யூட்டில்ஸ் என்ற சுருக்கக் கருவியைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்தவர் லாசே காலின் என்ற ஒரே ஒருவர், அதுவும் சம்பளம் இல்லாமல். வேலை தாமதமாகிறது என்று 2022-இல் சிலர் மின்னஞ்சல் குழுவில் அவரை நெருக்கியபோது, தனக்கு நீண்டகால மனநலப் பிரச்சினை இருக்கிறது, இது காசு வாங்காமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்று அவர் பதில் எழுதினார். அந்தச் சமயத்தில் உதவ வந்ததுபோல் வந்த ஜியா டான் என்ற பெயருடைய ஒருவர் இரண்டு ஆண்டுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் பின்கதவு ஒன்றை, அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழியை, சொருகினார். ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் எடுக்கிறதே என்று கிளறிப் பார்த்ததால்தான் அது பரவலாக உலகத்துக்குப் போய்ச் சேரும் முன் அகப்பட்டது. பணம் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். களைத்துப்போன மனிதருக்குப் பணத்தைவிடத் துணை தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் மாதாமாதம் ஒழுங்காகக் கொஞ்சம் பணம் வருகிற பராமரிப்பாளர், யாரோ ஒருவர் அவசரப்படுத்தும்போது 'பொறுங்கள்' என்று சொல்லும் தெம்போடு இருப்பார். அந்தத் தெம்புக்காகத்தான் நான் சிறிய திட்டங்களை முதலில் வைக்கிறேன்.

கடைசியில் மூன்றிலிருந்து ஐந்து பெயருக்குள் கொண்டுவாருங்கள். ஒன்று பெரிய அமைப்பு, ஒன்று கண்ணுக்குத் தெரியாத அடித்தள நூலகம், மற்றவை ஓரிருவர் நடத்தும் சிறு திட்டங்கள் என்று வைத்தால் நன்றாக இருக்கும். 3,000 ரூபாயை முப்பது பேருக்குப் பிரித்தால் ஏன் வீண் என்று கட்டணக் கணக்கைப் பார்க்கும்போது புரியும்.

படி 4: எந்த மேடை வழியாக?

மேடை என்பது நன்கொடையை வாங்கித் திட்டத்துக்குச் சேர்க்கும் இணையத் தளம். திட்டமே எந்த மேடையில் இருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் நமக்கும். தேர்வு இருக்கும்போது வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது.

கிட்ஹப் ஸ்பான்சர்ஸ் 2019-இல் வந்தது. தனிநபர் கணக்கிலிருந்து கொடுக்கும் பணத்தில் கிட்ஹப் கட்டணம் எதுவும் பிடித்துக்கொள்வதில்லை. ஒரு முறை மட்டும் கொடுப்பதா, மாதாமாதமா என்று தேர்ந்தெடுக்கலாம். ஒரே நிரலாளருக்கு நேரடியாகக் கொடுக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

லிபரபே பிரான்ஸில் இருக்கும் ஒரு சங்கம், 2015-இல் தொடங்கியது. அதன் நிரலும் கட்டற்றது. கமிஷன் எடுப்பதில்லை, தானும் நன்கொடையில்தான் ஓடுகிறது. தொகையை வாரக் கணக்கில் நிர்ணயிக்கும் பழக்கம் அங்கே உண்டு. ஆனால் பணத்தை ஒரு வருடத்துக்கு மொத்தமாக முன்கூட்டிக் கட்டலாம். நம் மாதிரி ஆட்களுக்கு அது பெரிய வசதி.

ஓபன் கலெக்டிவை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதில் ஒரு திட்டத்தின் பக்கத்தைத் திறந்து கீழே இறங்கினால் வரவு செலவு வரிசையாக இருக்கும். யார் எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார்கள், அதிலிருந்து இன்னாருக்கு இந்த மாதம் இந்த வேலைக்கு இவ்வளவு போனது, சர்வர் வாடகை இவ்வளவு, மீதி இவ்வளவு. கணக்கைத் திறந்து வைத்திருக்கும் கோயில் கமிட்டியிடம் வரி கொடுப்பதுபோல் நிம்மதியாகக் கொடுக்கலாம். அங்கே பெரும்பாலான மென்பொருள் திட்டங்களுக்குக் காப்பாளராக இருக்கும் ஓபன் சோர்ஸ் கலெக்டிவ், வரும் பணத்தில் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. கணக்கு, வரி, சட்ட வேலைகளை அவர்கள் பார்த்துக்கொள்வதால் அந்தப் பத்து எனக்கு உறுத்தவில்லை. கொடுக்கும் முன் மீதித் தொகையைக் கட்டாயம் பாருங்கள். பெரிய தொகை செலவாகாமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தால், அந்தத் திட்டத்துக்குக் குறை பணத்தில் இல்லை, ஆளில். உங்கள் தொகையை வேறு பெயருக்கு மாற்றுங்கள்.

பெரிய அமைப்புகளுக்கு அவர்கள் தளத்திலேயே நேரடியாகக் கொடுப்பது நல்லது. லிப்ரேஆபீஸின் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் பெர்லினிலும், விஎல்சி-யின் வீடியோலேன் பாரிஸிலும், பிளெண்டர் ஃபவுண்டேஷன் ஆம்ஸ்டர்டாமிலும் இருக்கின்றன. பிளெண்டர் இன்று கட்டற்று இருப்பதே தனிமனிதர்கள் கொடுத்த பணத்தால்தான். 2002-இல் அதை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, நிரலை விடுவிக்க ஒரு லட்சம் யூரோ கேட்டார்கள். பயனர்கள் ஏழே வாரத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள்.

படி 5: மாதாமாதமா, வருடத்துக்கு ஒரு முறையா?

கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஸ்ட்ரைப் அமெரிக்காவில் வழக்கமாக வாங்கும் கட்டணம் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 2.9 சதவீதமும் அதோடு 30 சென்ட்டும். 5 டாலர் கொடுத்தால் சுமார் 45 சென்ட் கட்டணம், அதாவது கிட்டத்தட்ட 9 சதவீதம். அதையே பன்னிரண்டு மாதம் கொடுத்தால் 60 டாலரில் 5 டாலர் 34 சென்ட் கட்டணத்துக்கே போகும். 60 டாலரை ஒரே தடவையில் கொடுத்தால் கட்டணம் 2 டாலர் 4 சென்ட்தான். ஒரு டாலராகக் கொடுத்தாலோ மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே காணாமல் போகும். வெளிநாட்டுக் கார்டு என்றால் இதற்கு மேலும் பிடிப்பார்கள்.

வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் மாதாமாதம் வருவது நல்லதுதான். அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் வேலையை விட்டு முழுநேரம் இதில் இறங்கலாமா என்று ஒருவர் யோசிக்க முடியும். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் தமிழர்களுக்கு நான் மாதாந்திர நன்கொடையையே சொல்வேன். இந்தியாவில் இருந்து கொடுக்கிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறைதான் சரிப்படும். அதற்குக் காரணம் கட்டணம் மட்டும் இல்லை.

படி 6: இந்தியாவிலிருந்து பணம் கட்டும்போது

ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து தானாகத் திரும்பத் திரும்ப எடுக்கப்படும் பணத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. முதலில் ஒரு முறை நம் ஒப்புதலைப் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே நமக்குத் தகவல் வர வேண்டும். வாடிக்கையாளருக்கு நல்ல விதிதான். ஆனால் வெளிநாட்டு நன்கொடை மேடைகள் பல இந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. அதனால் முதல் மாதம் பணம் போகும், இரண்டாவது மாதம் வங்கி மறுத்துவிடும். ஒரு முறை கொடுப்பதில் இந்தச் சிக்கலே வராது.

ஒரு முறை கொடுப்பதற்கும் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும். 2020-இலிருந்து கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம், கடைப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் திறக்க வேண்டும். வங்கிச் செயலியில் கார்டு பகுதிக்குப் போய், வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்பதற்குக் கீழே ஆன்லைன் என்பதை மட்டும் திறந்து, வரம்பை நீங்கள் கொடுக்கப்போகும் தொகைக்குக் கொஞ்சம் மேலாக வையுங்கள். ஏடிஎம்மையும் கடைகளில் தேய்ப்பதையும் திறக்க வேண்டியதில்லை. நாலைந்து நன்கொடையையும் ஒரே உட்காரலில் முடித்துவிட்டு, உடனே மறுபடி மூடிவிடுங்கள். பல வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி கேட்காமலே பணம் போய்விடும் என்பதால் இந்த மூடுகிற வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. ரூபே கார்டு அநேகமாக எடுபடாது, விசா அல்லது மாஸ்டர்கார்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு ஒன்று மறைவாக இருக்கிறது. டாலரை ரூபாயாக மாற்ற வங்கி ஒரு கூடுதல் கட்டணம் வைக்கும், பல கார்டுகளில் 3.5 சதவீதம். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 5,000 ரூபாய் நன்கொடைக்கு 175 ரூபாயும், அதற்கு ஜிஎஸ்டி 31 ரூபாய் 50 காசும், ஆக 206 ரூபாய் 50 காசு. சில கார்டுகளில் இது 2 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். வீட்டில் இரண்டு மூன்று கார்டு இருந்தால் எதில் குறைவு என்று பார்த்து எடுங்கள். பணம் கட்டும் பக்கம் 'ரூபாயிலேயே கட்டுகிறீர்களா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, டாலரையோ யூரோவையோ தேர்ந்தெடுங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

சட்டப்படி பயப்பட ஒன்றும் இல்லை. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்பு திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம், நன்கொடையும் அதில் அனுமதிக்கப்பட்டதே. வங்கி வழியாக நேரடியாக அனுப்புவது பெரிய தொகைக்குத்தான் கட்டுப்படியாகும்.

இந்தியாவிலேயே இருக்கும் அமைப்புகளுக்குக் கொடுத்தால் இந்த மாற்றுக் கட்டணத் தலைவலியே கிடையாது. தமிழுக்கான கட்டற்ற மென்பொருள், மின்னூல் வேலைகளைச் செய்துவரும் கணியம் அறக்கட்டளை ஓர் உதாரணம், வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் போதும். பெங்களூருவின் ஃபாஸ் யுனைடெட் இன்னொன்று. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இந்திய அறக்கட்டளைக்குக் கொடுப்பது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படும். ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். அதற்கான எஃப்சிஆர்ஏ அனுமதி இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், வெளிநாட்டில் வேலை பார்த்தாலும், தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அனுப்பினால் சிக்கல் வாங்குகிற அமைப்புக்குத்தான்.

வரிச் சலுகை பற்றி

வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுப்பதற்கு இந்தியாவில் வரிக் கழிவு இல்லை. இங்கே பதிவாகி, 80ஜி அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும், அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். அமெரிக்காவில் இருப்பவர்கள் வாங்குகிற அமைப்பு 501(சி)(3) வகையா, அதாவது கொடுப்பவருக்கு வரிக் கழிவு கிடைக்கும் அறநிறுவனமா என்று பாருங்கள். பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சியும் அந்த வகை. ஓபன் சோர்ஸ் கலெக்டிவ் 501(சி)(6) என்ற தொழிற்சங்க அமைப்பு வகை, ஆகவே தனிநபருக்கு நன்கொடைக் கழிவு கிடைக்காது. ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு கேடிஇ, டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் இரண்டும் அங்கேயே பொதுநல அமைப்புகளாக இருப்பது வசதி, யூரோ வங்கிப் பரிமாற்றத்தில் கட்டணமும் ஏறக்குறைய இல்லை. தனிமனித நிரலாளருக்குக் கொடுப்பதற்கு எந்த நாட்டிலும் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

படி 7: பணத்தோடு என்ன எழுதுவது?

பல மேடைகளில் ஒரு சின்னக் குறிப்பு எழுத இடம் இருக்கும். வெறுமையாக விடாதீர்கள். எங்கிருந்து, எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்று இரண்டு வரி போதும்: 'மதுரையில் ஒரு பள்ளி நூலகக் கணினிகளில் உங்கள் மென்பொருள் மூன்று வருடமாக ஓடுகிறது, நன்றி.' பராமரிப்பாளரின் அஞ்சல்பெட்டிக்கு நாள் முழுக்க வருவது குறைகள்தான். அவருடைய உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேறு வழியே இல்லை.

எழுதக் கூடாதது, 'பணம் கொடுத்திருக்கிறேன், என் வழுவை எப்போது சரிசெய்வீர்கள்' என்பது. குறிப்பிட்ட அம்சம் வேண்டும் என்றால் அதற்கு ஆளைக் கூலிக்கு அமர்த்துங்கள், அது தனி ஒப்பந்தம். 'இந்த வழுவைத் தீர்த்தால் இவ்வளவு பரிசு' என்று அறிவிக்கும் முறையும் தனிநபர்களுக்கு எனக்கு உடன்பாடில்லை. பரிசுக்காக அவசரமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவரின் நிரலைச் சரிபார்த்து, பிறகு ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டியவர் அதே பராமரிப்பாளர்தான், அவருக்கு அதில் ஒரு காசும் வராது. நிபந்தனை இல்லாமல் கொடுக்கும் பணம் சர்வர் வாடகைக்கும் போகும், வீட்டு வாடகைக்கும் போகும். இரண்டும் அந்த மென்பொருளுக்கான செலவுதான்.

பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் கொடுக்கும்போதே மறைக்கச் சொல்லிவிடலாம். ஓபன் கலெக்டிவ், கிட்ஹப் இரண்டிலும் அந்த வசதி உண்டு. எனக்கு, வெளியே தெரிவதே நல்லது என்று படுகிறது. நண்பர் பெயரைப் பார்த்துவிட்டுக் கொடுக்க வருகிறவர்கள் நிறைய.

படி 8: அலுவலகத்தையும் இழுத்து வாருங்கள்

நாம் ஒரு நாள் சம்பளம் கொடுக்கும் நூலகத்தை வைத்து நம் நிறுவனம் கோடிகளில் வியாபாரம் செய்துகொண்டிருக்கும். அதனால் இரண்டாவது படியில் போட்ட பட்டியலை மேலாளரிடமும் கொண்டுபோங்கள். கேட்கும் விதம் முக்கியம். 'நன்கொடை' என்று ஆரம்பித்தால் அது சமூகப் பொறுப்பு நிதி பார்க்கும் துறைக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். 'நம் தயாரிப்பு நம்பியிருக்கும் இந்த மூன்று நூலகங்களை ஒவ்வொருவர்தான் பார்த்துக்கொள்கிறார்கள், அவர் நிறுத்தினால் நமக்கு எத்தனை வார வேலை' என்று ஆரம்பித்தால் பொறியியல் செலவுக் கணக்கில் பேச்சு நடக்கும். ரசீது வேண்டும் என்பார்கள். ஓபன் கலெக்டிவிலும் கிட்ஹப்பிலும் ரசீது கிடைக்கும்.

காட்டுவதற்கு இந்திய உதாரணமும் இருக்கிறது. பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் ஃபிளாஸ் ஃபண்ட் என்ற நிதியைத் தொடங்கி, உலகெங்கும் உள்ள கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. அதில் விண்ணப்பிக்கும் திட்டங்கள் தங்களுக்கு எதற்காக எவ்வளவு தேவை என்பதை ஒரு கோப்பில் எழுதித் தங்கள் தளத்தில் வைக்க வேண்டும். அந்த விவரங்கள் பொதுவில் பட்டியலாகக் கிடைப்பதால், தனிநபர்களும் அதில் தேடித் தேவையுள்ள திட்டங்களைக் கண்டுபிடிக்கலாம்.

அடுத்த வருடம்

ஒரு விரிதாளில் ஐந்து கட்டம் போதும்: தேதி, திட்டம், கொடுத்த தொகை, கார்டில் உண்மையில் பிடித்த தொகை, எந்த மேடை. நாலாவது கட்டம்தான் எந்தக் கார்டு, எந்த மேடை உங்களுக்கு மலிவு என்று அடுத்த முறை சொல்லும்.

மறுபடி அந்த மாதம் வரும்போது பட்டியலை அப்படியே நகலெடுக்காதீர்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று விஷயம் பாருங்கள்: கடைசி வெளியீடு எப்போது, பராமரிப்பாளர் மாறியிருக்கிறாரா, பணம் வாங்கும் அமைப்பு இன்னும் இருக்கிறதா. கடைசிக் கேள்வி வெறும் சம்பிரதாயம் இல்லை. பல நூறு குழுக்களுக்குக் காப்பாளராக இருந்த ஓபன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் 2024-இல் கலைப்பை அறிவித்தது, அதில் இருந்தவை வேறு இடம் தேடிப் போக வேண்டியிருந்தது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் ஓபன் சோர்ஸ் கலெக்டிவ் வேறு, அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. புது வெளியீடு வரவில்லை என்பதற்காக மட்டும் ஒரு திட்டத்தை வெட்டிவிட வேண்டாம். முடிந்துபோன, நிலைத்த நூலகத்துக்குப் புதிதாகச் சேர்க்க ஒன்றும் இருக்காது. வழு அறிவிப்புகளுக்குப் பதில் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் ஆள் இருக்கிறார், பணத்தை அனுப்பலாம்.